வண்டியில இருந்து விழுந்த மாரித்தாய்

சின்னதா ஒண்ணு சொல்றேன், காது குடுத்துக் கேளுங்க... கதை மாதிரி இருக்கும். ஆனா கண்ணால பாத்தது.

எங்க ஊர்ல சீனிராஜ்னு ஒருத்தர், தையக்கடை வச்சிருக்காரு. அவர் சம்சாரம் மாரித்தாய். அந்தம்மாவோட தங்கச்சி வளைகாப்புக்கு ரெண்டு பேரும் காலையில வண்டியில கிளம்புறாங்க. வேகத்தடை... வண்டி குதிக்குது. பின்னாடி இருந்த அந்தம்மா மல்லாக்க விழுந்துட்டாங்க. பின்மண்டை ரோட்டுல 'ணங்'குன்னு அடிச்சது.

சீனிராஜ் பதறி ஓடுறாரு. "ஏய், என்னாச்சு?"

அந்தம்மா அழுதாங்களா? இல்ல... சிரிச்சாங்க! "ஒண்ணுமில்லங்க, சேலைதான் அழுக்காயிருச்சு. வண்டிய எடுங்க, நேரமாச்சு."

ஒரு பொட்டு ரத்தம் இல்லய்யா!

போனாங்க. தங்கச்சி கையில வளையலும் போட்டுவிட்டாங்க. கொஞ்ச நேரத்துல அந்தம்மா காதுல தண்ணியா வடியுது.

"என்னக்கா இது?"

"குளிச்ச தண்ணிடி." பஞ்சை வச்சு அடைச்சுக்கிட்டாங்க.

அப்புறம் வாந்தி. வெயில்ல வந்த பித்தம்னாங்க. அப்புறம் தலைவலி... ஓரமாப் படுத்துட்டாங்க. தங்கச்சி எழுப்பப் போனா. "அசதியா இருக்கும், தூங்கட்டும்மா"ன்னு ஒரு ஆளு தடுத்தாரு. யாரு தெரியுமா? ... நான்தான்யா. இந்த வாயாலதான் சொன்னேன்.

மூணு மணிக்கு எழுப்பினோம். எந்திரிக்கல.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு டாக்டர் சொன்னாரு: "மண்டையோட்டுல கீறல். வெறும் கீறல்னா பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டாலே போதும், எலும்பு தானாக் கூடிரும். இவங்களுக்கு உள்ள ரத்தம் கட்டி மூளையை அமுக்குது. காதுல வந்தது குளிச்ச தண்ணி இல்ல, மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணி. எலும்பைத் திறந்து ரத்தக்கட்டியை எடுக்கணும்."

"எடுத்தா பிழைச்சிருவாளா சார்?"

"காலையிலயே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன்."

எடுத்தாங்க. மூணு நாள்... அந்தம்மா கண்ணைத் திறக்கவே இல்ல.

பிணவறை வாசல்ல சீனிராஜ் என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு: "இந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான்ணே வளைகாப்புக்குப் போனோம்..."

தாய்மாரே, அய்யாமாரே... அடிபட்டவங்க 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவாங்க. ஏன்? அடுத்தவங்க விசேஷம் கெட்டுறக்கூடாதேன்னு! நம்பாதீங்க. தலையில அடியா? வாந்தியா? காதுல, மூக்குல தண்ணியா? அசந்து அசந்து தூக்கமா? தூக்கிட்டு ஓடுங்க! விசேஷம் நின்னா நிக்கட்டும். 'ஒண்ணுமில்ல'ங்கிற வார்த்தையை... டாக்டர் சொல்லட்டும். நாம சொல்ல வேண்டாம்.