மூன்று வினாடி

டீ வேண்டாம் சார், வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நாவல் மரத்தடியில் உங்கள் ஆட்கள் வண்டி நிறுத்துகிறார்கள். காக்கை எச்சம் விழுந்து சீட்டெல்லாம் கறையாகிக் கிடக்கிறது. சொல்லி வையுங்கள்.

பெயர் அமிர்தசாமி. வயது ஐம்பத்துநான்கு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருபத்தாறு வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்த வழியாக ஏற்காடு ஏறுகிறவர்கள் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் இந்த மாவட்டத்தில் எத்தனை முட்டாள்கள் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

வண்டியோடு கம்பெனி ஒரு காற்றுப்பெட்டி தருகிறது. வெளிக்காற்று அதற்குள் நுழைந்து, தூசியை ஃபில்டரில் விட்டுவிட்டு எஞ்சினுக்குப் போகும். படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த பெட்டி. நம் ஆட்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிவப்புத் துணி சுற்றிய கூம்பு ஃபில்டர் ஒன்றை கார்புரேட்டர் வாயில் நேராகச் சொருகுகிறார்கள். வண்டி உறுமும். சத்தம் கூடினால் வேகமும் கூடிவிட்டதாக நினைப்பு. எருமை உரக்கக் கத்தினால் பால் அதிகம் என்று நம்புகிறவர்களிடம் என்ன பேசுவது?

இனியனும் போன வருடம் நவம்பரில் அதை மாட்டிக்கொண்டு வந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன், முப்பது வயது, இங்கே ஜவ்வரிசி ஆலையில் மெஷின் பராமரிப்பு. ஆறு வருடமாக என்னிடம்தான் வண்டி விடுவான். மரியாதையான ஆள். அவனிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

கழற்றச் சொன்னேன். இந்தக் கூம்பு பவரைக் கூட்டாது, தூசியைத்தான் உள்ளே விடும், அந்தத் தூசி ஒருநாள் கார்புரேட்டரைச் சிக்க வைத்து ஆக்சிலரேட்டரைத் திரும்ப விடாமல் செய்யும் என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான். அடிவாரத்திலிருந்து நான்காவது கொண்டை ஊசி வளைவு வரை. கூம்போடு மூன்று முறை, கம்பெனிப் பெட்டியோடு மூன்று முறை. கூம்புக்குத் தகுந்த மாதிரி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டையும் மாற்றிக்கொள்வானாம். சம்மதித்தேன். விடை தெரிந்த பரீட்சைக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

கூம்போடு ஏறியபோது மூன்று வினாடி குறைந்தது. மூன்று முறையும்.

அவன் கூம்பைத்தான் முதலில் ஓட்டியிருந்தான். அதனால் எஞ்சின் சூடேறியிருந்தது என்று சொல்ல வழியில்லை. காலைக் குளிர்காற்றில் எந்த வண்டியும் நன்றாக இழுக்கும் என்று சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அவன் பெருமையடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்.

"அண்ணன் சொன்னதுல பாதி சரிதானுங்க. வெறும் ஃபில்டர மட்டும் மாத்துனா சத்தந்தான் வரும். ஜெட்டையும் சேத்து மாத்துனா கொஞ்சம் கெடைக்குதுங்க."

பாதி சரி. ஆலையில் நட்டு முடுக்குகிறவன் என் இருபத்தாறு வருடத்துக்குப் பாதி மார்க் போட்டான். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

ஆனால் தூசி விஷயம் பாக்கி இருந்தது. எட்டு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு சர்வீசிலும் கூம்பைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்ப்பேன். அவன் மாதம் தவறாமல் அதைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு துளி மண் கிடையாது. நடக்க வேண்டியது நடக்கத் தாமதமானது, அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் வண்டியை விட்டான். மறுநாள் காலை மலைக்குப் போவதாகச் சொன்னான். தனியாகவா என்று கேட்டேன். ஆமாம், மனைவிக்கு வேலை இருக்கிறது என்றான். நான் கேட்டேன் என்பதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஈவிரக்கம் இல்லாதவன் கேட்டிருக்க மாட்டான்.

கடைக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். எம்-சாண்ட் மணல் கொட்டிக் கிடந்தது. ஒரு சிட்டிகைதான் எடுத்தேன். கூம்பைக் கழற்றி உள்ளே போட்டு, திரும்ப மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டேன், பிரேக்கைச் சரிபார்த்தேன், வண்டியைத் துடைத்துக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லிவிட்டு எடுத்துப் போனான்.

கடைசி நேரத்தில் கிருத்திகாவும் கிளம்பியிருக்கிறாள். அவன் மனைவி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் கொய்யா விற்கும் சென்னம்மாள் பார்த்திருக்கிறாள். வளைவுக்குள் வரும்போது சத்தம் குறையவே இல்லை, வண்டி கத்திக்கொண்டே வந்தது என்றாள். கிருத்திகா சாலையில் விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது. அவன் தடுப்புச்சுவரைத் தாண்டிப் போய்விட்டான். ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டாலும் கிளட்சைப் பிடித்திருந்தால் போதும், பிழைத்திருப்பான். எனக்கு மார்க் போடத் தெரிந்தவனுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

தகனத்துக்குப் போனேன், மாலையும் போட்டேன். ஃபில்டர்தான் காரணம் என்று அங்கே நான்கு பேரிடம் சொன்னேன். அடுத்த வாரமே பதினொரு பேர் கூம்பைக் கழற்றச் சொல்லி வண்டியோடு வந்தார்கள். பதினொரு உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

செப்டம்பரில் கிருத்திகா கடைக்கு வந்தாள். ஊன்றுகோல் வைத்திருந்தாள். ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணா, அந்த ஃபில்டர்னாலதானுங்களா? எல்லாரும் சொல்றாங்க."

"ஆமாம்மா."

"அத நாந்தானுங்க அவரு பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தேன்."

அப்போதும் ஆமாம்மா என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? நான் பொய் பேசுகிறவன் இல்லை. அவள் ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டு, வாரேனுங்க அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா வீட்டிலேயே கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

இன்றைக்கு நானாகவே ஏன் வந்தேன் என்கிறீர்கள். போன வாரம் சேவியர்ராஜ் உங்கள் விபத்து அறிக்கையின் நகலைக் காட்டினான். கூம்பு ஃபில்டர் விற்கிற கடைக்காரன். 'அதிவேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபில்டர் என்ற வார்த்தையே இல்லை. அவன் அதைக் கடையில் ஒட்டிவைத்துக்கொண்டு பழையபடி விற்கிறான். அந்த வண்டி மூன்று மாதமாக உங்கள் வளாகத்தில் மழையில் நிற்கிறது, கார்புரேட்டரைத் திறந்து பார்க்க உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. நீங்கள் துப்பறிந்து கண்டுபிடிப்பீர்கள் என்று நம்பியிருந்தால் நான் இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இப்போது போய்த் திறந்து பாருங்கள். மண் அங்கேயேதான் இருக்கும்.

கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் சரியானதை எழுதுங்கள். அவன் மட்டும் கம்பெனிப் பெட்டியைக் கழற்றாமல் இருந்திருந்தால், அந்த மண்ணைப் போட எனக்கு இடமே இருந்திருக்காது.