ஷவருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி

கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீட்டு பாத்ரூமைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த மேஸ்திரி கட்டினது என்றுதான். அந்த ஆளைத் தப்பித்தவறிக்கூட தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்ற கவலை. நீங்களும் கேட்டீர்கள். அன்றைக்கு வீடு முழுக்க ஆட்கள் இருந்ததால் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு இந்த வெயிலில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். சட்டையில் குத்தியிருக்கிற கயல்விழி என்ற பெயர் வேறு நன்றாக இருக்கிறது. உட்காருங்கள், சொல்கிறேன். என் தங்கை மலர்க்கொடி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம்.

கட்டினது என் வீட்டுக்காரர் கலியபெருமாள்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதாவது, அடுத்தவன் வேலை செய்வதற்கு வேண்டிய சாமானை எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவர். வீட்டில் ஆணி அடித்தால் கோணலாகப் போகும். அந்தக் கோணல் ஆணியிலேயே காலண்டரை மாட்டிவிட்டு, சுவர்தான் சாய்ந்திருக்கிறது என்பார். கூத்தப்பாக்கத்து வீட்டில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கிறேன் என்று கிளம்பியவர் ஓட்டை மட்டும் போட்டார். அந்த ஓட்டையில் துணியை அடைத்து வைத்திருப்பது நான். ஆரம்பிப்பது அவர், முடித்து வைப்பது நான். கல்யாணமானதிலிருந்து அதுதான் ஏற்பாடு.

வேலையில் இருந்தவரைக்கும் பரவாயில்லை, பகலில் இருக்க மாட்டார். ரிட்டயர் ஆன பிறகு நான் எந்த அறைக்குப் போனாலும் அந்த அறையில் இருந்தார். அடுப்படியில் நின்றுகொண்டு குழம்புக்கு உப்பு போட்டாயிற்றா என்பார். டீவியில் நாடகம் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லுவார், அதுவும் தப்பாக. அடித்தவரில்லை, குடித்தவரில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெட்டவனை விட்டு வந்தால் ஊர் ஒத்துக்கொள்ளும். சலிப்பூட்டுகிறவனை விட்டு வந்தால் ஒத்துக்கொள்ளாது.

எனக்கு வேண்டியிருந்தது இந்த வீடு. எங்கள் அப்பா வீடு இது. அப்பா தரை போடுகிற மேஸ்திரி. நீங்கள் கால் வைத்திருக்கிற மொசைக்கும் அவர் போட்டதுதான். மலர்க்கொடி இங்கே தனியாக இருக்கிறாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவள் முகமே தெளிந்துவிட்டது, வந்ததும் நீங்களே பார்ப்பீர்கள். அவளோடு வந்து இருந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. அதற்கு மரியாதையான ஒரு காரணம் வேண்டும். கட்டினவனை விட்டு வந்தவள் என்ற பேச்சை இந்த வயதில் வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

முட்டி வலி இருந்தது. அதைக் காரணமாக வைத்தேன்.

"பக்கெட்டுல குனிஞ்சி மொண்டு குளிக்க முடியலீங்க. மலரு வூட்டுல ஷவரு இருக்குது, நின்ன மேனிக்கு குளிக்கலாம். நான் அங்கியே போயி இருந்துக்கறேன்."

சரி, போ என்று சொல்லியிருக்கலாம். போகக் கூடாது என்று கத்தியிருந்தால்கூட சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வாசலில் நின்றது. சிமெண்டு, மணல், குழாய், டைல் பெட்டிகள். "இதுக்கு எதுக்கு நீ சிதம்பரம் போவணும்? இங்கியே கட்டிடறேன்" என்றார்.

நான் சொன்ன காரணத்தை அந்த மனுஷன் நம்பிவிட்டார். அவருடைய மூளை அவ்வளவுதான்.

மேஸ்திரியைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாம் போனில் இருக்கிறது என்றார். போனில் ஒருவன் இந்தியில் பேசிக்கொண்டு டைல் ஒட்டுவான். இவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். பழைய லுங்கியைக் கிழித்து இரண்டு முட்டியிலும் கட்டிக்கொண்டு தரையில் மண்டிபோடுவார். அந்தக் கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டு ராஜாமணி, "என்னா மாமா, நேர்த்திக்கடனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதலில் தரைக்கு வாட்டம் வைத்தார். தண்ணீர் நிற்காமல் ஓடுவதற்குத் தரையைச் சரித்துப் பூசுவதைத்தான் வாட்டம் என்போம். தண்ணீர் வெளியே போகிற ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சரிக்க வேண்டும். இவர் டீவியில் யாரோ வாஸ்து சொன்னதைக் கேட்டுவிட்டு, தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் ஓட வேண்டும் என்று வடகிழக்கில் சரித்தார். ஓட்டை இருப்பது தென்மேற்கில். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினதும் அது வாஸ்துப்படி நேராக ஈசானியத்துக்குப் போய், அங்கிருந்து கதவைத் தாண்டி, என் அரிசி மூட்டை வரைக்கும் வந்தது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

சுவருக்கு டைல் ஒட்டுகிறவன் கீழேயிருந்து மேலே போவான். இவர் மேலேயிருந்து ஆரம்பித்தார், கண்ணுக்கு நேராக வேலை செய்தால் இடுப்பு வலிக்காதாம். மறுநாள் காலையில் டைல்கள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருந்தன, திருவிழா பஸ்ஸில் ஜனங்கள் மாதிரி. அதையும் பெயர்த்துக் கழுவி, திரும்ப ஒட்டினார். பெங்களூரிலிருந்து என் மகன் ஜெயப்பிரகாஷ் போன் செய்து, இந்த வயசுல எதுக்குப்பா என்று கேட்டான். "உங்கம்மா கேட்டுட்டாளேடா" என்றார், ஏதோ நான் வைரத்தோடு கேட்ட மாதிரி.

எப்போதும் போல பாதியில் விட்டுவிடுவார் என்றுதான் நான் பேசாமல் இருந்தேன். விடவில்லை. எதையுமே முடிக்காத ஆள் இதை மட்டும் முடித்துக்கொண்டு வந்தார். கோணலும் மாணலுமாக, ஒரு சந்து விரலளவு, ஒரு சந்து நூலளவு. ஆனாலும் சுவர் ஏறிக்கொண்டே போனது. இது முடிந்துவிட்டால் சிதம்பரம் போக என்னிடம் வேறு காரணம் இல்லை. வேறொன்று கண்டுபிடித்தாலும் அதற்கும் ஏதாவது கட்டுவார்.

தரைக்கு டைல் ஒட்ட உட்கார்ந்த அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக அந்த வேலையில் தலையிட்டேன். நீங்கள் முருங்கை மரத்தடியில் பிரிக்காத பெட்டிகளைப் பார்த்துவிட்டு, மிச்சமா என்று கேட்டீர்களே, அது மிச்சமில்லை. தரைக்கென்று அவர் வாங்கி வந்த சொரசொரப்பு டைல். வாழ்க்கையில் ஒரு தடவை சரியான சாமானை வாங்கியிருந்தார்.

"என்னாங்க இது, ஆட்டோ ஸ்டாண்டு தரை மாரி. செவுத்துக்கு ஒட்டனதையே கீழியும் போடுங்க, பளபளன்னு இருக்கும்."

"வழுக்காது?"

"மேஸ்திரி பொண்ணு சொல்றேன். எனக்குத் தெரியாதா?"

ஈரம் படுகிற தரைக்கு வழுவழுப்பு ஆகாது என்பது எங்கள் அப்பா வீட்டில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அந்த வேலையில் ஒரு வார்த்தை சொன்னதில் அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். "அப்ப சரி. நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, சொரசொரப்புப் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் வைத்தார்.

கடைசியாக சுவரில் ஒரு ஸ்டீல் கம்பியை மாட்டினார். கைப்பிடியாம். அவர் ஆறடிக்கு மேல். கம்பி அவர் தொடைப் பக்கத்தில் இருந்தது. அதைக்கூட ஒழுங்கான உயரத்தில் வைக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை என்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். "உனக்காவ கட்டனது, நீதான் மொதல்ல" என்றார். முட்டி வீங்கியிருக்கிறது, நாளைக்குச் சனிக்கிழமை, புது பாத்ரூமில் ஆம்பிளை முதலில் குளித்தால்தான் நல்லது என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது. நம்பினார்.

சனிக்கிழமை நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன். பலகையில் உட்காரவைத்து நானே தேய்த்துவிட்டேன். தலைக்கு, முதுகுக்கு, கைகாலுக்கு. நான் அவரைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் காலைத் தூக்கச் சொல்லி உள்ளங்காலுக்கு வைத்தேன். உள்ளங்காலில் எண்ணெய் வைத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அது குற்றமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சும்மா தொட்டு வைக்கவில்லை. இரண்டு காலுக்கும் வழிய வழிய வைத்தேன்.

ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனார். ஷவருக்குக் கீழே போகும்போது, "புதுத் தரையிலே செருப்போட நிக்காதீங்க" என்றேன். ஓரமாகக் கழற்றி வைத்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

நான் அடுப்படிக்கு வந்தேன். ஷவர் திறந்த சத்தம் கேட்டது. பிறகு விழுந்த சத்தம். கூப்பிட்டார். எப்போதும் என்னை "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு லோகநாயகி என்று முழுப் பெயரையும் சொன்னார். ஒரு தடவையில்லை, சில தடவை.

எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாளில் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. மசாலா அரைக்க வேண்டியிருந்தது. மிக்ஸியைப் போட்டேன். வழக்கத்தைவிட மைய அரைத்தேன். நிறுத்தியபோது ஷவர் சத்தம் மட்டும்தான் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, போய் ராஜாமணியைக் கூப்பிட்டேன்.

கால் வழுக்கி விழுந்தார் என்று ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு கையெழுத்து வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், தெரிகிறது. எழுதியதும் பொய்யில்லை. ஆனால் ஊரில் எல்லாரும், பாவம், தானே டைல் போட்டு, தான் போட்ட தரையிலேயே விழுந்து செத்தார் என்கிறார்கள். ஜெயப்பிரகாஷும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி அழுகிறான். எனக்கு அது சகிக்கவில்லை. அவ்வளவு பெரிய காரியத்தை அவர் தனியாகச் செய்ததாகச் சொல்கிறார்கள். வாட்டத்தை ஒழுங்காக வைக்கத் தெரியாத மனுஷன். வழக்கம் போல அதையும் நான்தான் முடித்து வைத்தேன்.

ஆனால் எல்லாவற்றையும் என் பேரில் எழுதிவிடாதீர்கள். தலை மோதினது அந்தக் கம்பியில் என்று டாக்டர் சொன்னார். கம்பியை நான் வைக்கச் சொல்லவில்லை. அது அவராகச் செய்தது. நான் நினைத்தது இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடப்பார், மகன் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போவான் என்றுதான். மிக்ஸி போடுகிறவரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கென்று அந்த மனுஷன் எதுவும் செய்தவரில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மலர்க்கொடி வருகிற நேரமாயிற்று. அவளிடம் ஷவரைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த வீட்டு ஷவர் வேலை செய்து பல வருஷம் ஆகிறது. அது எனக்கு முன்பே தெரியும். வந்ததிலிருந்து பக்கெட்டில்தான் மொண்டு குளிக்கிறேன். குனிந்தால் நிமிர முடியவில்லை. காரியம் முடிந்து அந்தத் தரையைக் கழுவிவிட்டபோதும் இப்படித்தான், எழுந்திருக்க முடியாமல் சும்மா கையை நீட்டினேன். கம்பி நேராக உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எட்டிப் பிடிக்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.

நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகிற இடத்திலும் பக்கெட்டுதான் இருக்கும். ஜெயப்பிரகாஷிடம் சொல்லி அந்தக் கம்பியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னால், அங்கே மாட்ட விடுவார்களா? அந்த உயரம் வேறு யாருக்கும் சரிப்படாது. எனக்குத்தான் சரியாக இருக்கிறது.