ஒடெசா வாங்கித் தந்த நடைபாதை

இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அருமைப் போதகர் லூஷியஸ் ஹார்குரோவ் அவர்களே! மாவட்ட மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களே! பருத்திக்காடு வெடித்தாற்போல் வெள்ளைத் தொப்பிகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் திருச்சபைத் தாய்மார்களே! மீன் ஆலையில் வேலை முடித்து நேரே வந்திருக்கும் தோழியரே, தோழர்களே! ஓரிடத்தில் உட்கார மறுக்கும் குழந்தைச் செல்வங்களே! பள்ளிக்கூட நர்ஸ் வில்லடீன் கெய்ன்ஸின் பணிவான வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

ஒரு பெண்ணைப் பாராட்ட வந்திருக்கிறேன். பாராட்டுக்கு முன்னால் ஒரு பாவ அறிக்கை. பாவம் என்னுடையது.

மூன்றாண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்பு ஜெனீவாவின் கழுத்தைச் சுற்றிக் கறுத்த பட்டை ஒன்றைக் கண்டேன். “பிள்ளையைக் கழுத்து தேய்த்துக் குளிப்பாட்டவும்” என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை அவள் தாய் ஒடெசா ப்ரூயிட், ஆலையின் ரப்பர் பூட்ஸோடு என் அறைக்குள் வந்து நின்றாள்.

“நர்ஸம்மா, மூணு தடவ தேய்ச்சுட்டேன். தோலு எரியுதுன்னு புள்ள அழுவுறா. இது அழுக்குன்னா, இந்தாங்க சோப்பு, நீங்களே தேய்ச்சுக் காட்டுங்க!”

ஈரப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். அந்தக் கறுப்பு போகவில்லை. தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் இருந்தது. அப்போதுதான் என் படிப்பு விழித்துக்கொண்டது. அது அழுக்கல்ல, அன்பர்களே, அறிவிப்பு! சர்க்கரையைச் சமாளிக்க அந்தச் சின்ன உடல் திணறுகிறது என்று தோலே எழுதிக் காட்டிய அறிவிப்பு! கண் இருந்தும் படிக்கத் தெரியாமல் போனேனே!

மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு அப்புறம். எம்புள்ளைக்கு என்னன்னு மொதல்ல சொல்லுங்க” என்றாள் ஒடெசா.

டாக்டர் சொன்னார். ஒன்பது வயதில், நீரிழிவின் வாசலில் நிற்கிறாள். கல்லீரலில் கொழுப்பு. ஏறி நிற்கும் ரத்த அழுத்தம். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. இப்படியே விட்டால் இதயமும் சிறுநீரகமும் இளவயதிலேயே பழுதாகலாம்.

“என் சமையல்தான் காரணமா டாக்டர்?” என்று கேட்டாள் அந்தத் தாய்.

அவள் சமையலா காரணம்? கேட்கிறேன், அவள் சமையல் மட்டுமா? மூலைக்கடையில் சோடா குளிர்ந்து கிடக்கிறது. ஒரு கட்டுக் கீரைக்கு இருபது மைல் போக வேண்டியிருக்கிறது. அது அவள் செய்ததா? விளையாட்டு வகுப்பை வாரம் ஒன்றாகச் சுருக்கினோமே, அது அவள் செய்ததா? பரம்பரையாய் வந்த சர்க்கரை அவள் கடையில் வாங்கியதா? முக்கால் மைலில் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளை பேருந்தில் போகிறாளே, அது சோம்பலா? தானிய லாரிகள் பறக்கும் சாலையில் கால் வைக்கக் கையளவு இடமில்லையே! குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்; அந்தக் கூண்டைக் கட்டியது யார்?

ஆமென் என்கிறீர்கள். நானும் கட்டியவர்களில் ஒருத்திதான்.

ஒடெசா என்ன செய்தாள் தெரியுமா? மகளைப் பட்டினி போடவில்லை. மகளுக்கு ஒரு தட்டு, மற்றவர்களுக்கு ஒரு தட்டு என்று பிரிக்கவும் இல்லை. வீடு முழுவதற்கும் சோடாவை நிறுத்தித் தண்ணீர் வைத்தாள். படுக்கையறையிலிருந்து டிவியை எடுத்து, பிள்ளையை நேரத்தோடு தூங்க வைத்தாள். மீனைப் பொரிக்காமல் சுட்டாள். கணவர் கிளியோட்டிஸ் கொதித்துப் போனார்.

“கெளுத்திய பொரிக்காம தின்னா பாவம்டி!”

“அப்ப நல்லா ஜெபம் பண்ணிட்டுத் தின்னுங்க.”

சிரியுங்கள், சிரியுங்கள்! கிளியோட்டிஸும் சிரிக்கிறார், பாருங்கள். மனிதரின் சர்க்கரை மாத்திரையில் பாதி இன்று குறைந்திருக்கிறது.

பிறகு மகளோடு பள்ளிக்கு நடக்கத் தொடங்கினாள். பதினோராம் நாள், ஒரு லாரி உரசுவதுபோல் விரைந்தது. விலகப் போன ஜெனீவா பள்ளத்தில் விழுந்தாள். முழங்கையில் ரத்தம். “அம்மா, நான் குண்டா இருக்கறதாலதான் விழுந்தேனா?” என்று அழுதாள்.

“இல்லடி கண்ணு. அங்க பாதை இல்ல. அதான் விழுந்த.”

அன்றே ஒடெசா மாவட்ட மன்றத்துக்குப் போனாள். ஒரு முறையா? ஒன்பது முறை! அப்போதைய உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “ஏம்மா, பொண்ணு கொஞ்சம் கம்மியா சாப்பிட்டாப் போதாதா? பாதை எதுக்கு?”

“ஐயா, உங்க பேத்திய அந்த ரோட்டுல ஒரே ஒரு தடவ நடத்திக் கூட்டிட்டு வாங்க. நான் பேசாம வூட்டுக்குப் போயிடுறேன்.”

அப்போதும் மன்றம் இசையவில்லை. பத்தாம் முறை அவள் தனியாகப் போகவில்லை. நாற்பத்தொரு குழந்தைகள் அவளோடு போனார்கள். ஒலிவாங்கி முன் ஜெனீவா நின்றாள். “எனக்கு நடந்து ஸ்கூலுக்குப் போவணும். அவ்ளோதான்” என்றாள். உறுப்பினர்களின் கைகள் ஆதரவாக உயர்ந்தன, பாதை பிறந்தது.

இன்று அவள் ரத்தச் சர்க்கரை சீராக இருக்கிறது. கல்லீரல் தேறி வருகிறது. உறக்கத்தில் மூச்சு தடையின்றி ஓடுகிறது. ஒல்லியாகிவிட்டாளா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். அவள் நலமாக இருக்கிறாள், நிமிர்ந்து நடக்கிறாள்!

ஒடெசாவை மேடைக்கு அழைத்தேன். “வேணாம் நர்ஸம்மா, பொறப்படுற நேரம்” என்று கதவருகே போய் நின்றுகொண்டாள். நடைபாதையின் திறப்பு விழாவுக்கு நம்மை ஏற்றிச் செல்ல வெளியே இரண்டு பேருந்துகள் நிற்கின்றன. நடக்க முடியாத பெரியவர்கள் ஏறிக்கொள்ளட்டும். மற்றவர்கள் என்னோடு வாருங்கள். நன்றி சொல்லி அமர்வது வழக்கம். நான் நன்றி சொல்லி இறங்கி நடக்கிறேன். உங்களுக்கும், எனக்கு முன்னே நடந்த ஒடெசாவுக்கும் என் நன்றி, என் வணக்கம்!