கழுவிய கத்தி

கத்தியைக் கழுவுவதில் நான் கண்டிப்பானவன். எங்கள் ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எலியின் கால் தசையை வெட்டிய கத்தியால் அதன் இதயத்தைத் தொடக் கூடாது. தொட்டால், காலில் இருப்பது இதயத்திலும் இருப்பதாகச் சோதனை காட்டிவிடும். உட்காருங்கள் ஐயா, தேநீர் ஆறுகிறது.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய இழைகளாலான சட்டகம் ஒன்று உண்டு. அந்த இழைகளை இறுக்கவும் தளர்த்தவும் தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன. இறுக்கும் புரதம் ஒன்றின் மரபணுவுக்கு என் பாதி ஆயுளைக் கொடுத்தேன். மரபணு எல்லா செல்லிலும் இருக்கும், எல்லா இடத்திலும் வேலை செய்யாது. வீடு முழுக்க விளக்கு இருந்தாலும் ஆள் இருக்கிற அறையில்தானே எரியும். இது கால் தசையில் மட்டும் எரிகிறது என்று நம்பினேன். என் அண்ணன் மகளுக்கு அது அளவு மீறி எரிந்தது. கால்கள் விறைத்து, சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அதை அணைக்கும் ஊசிமருந்து என்னிடம் தயாராக இருந்தது.

அப்போது பார்த்து உதவியாளர் வந்து நின்றாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"சார், இதயத்துலயும் லேசா தெரியுது."

"கத்தியக் கழுவினியாம்மா?"

"கழுவினேன் சார்."

"இன்னொரு தடவ செஞ்சு பாரு."

கண் கலங்கிப் போனாள். புதுக் கத்தி எடுத்து மறுபடி செய்தாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில், இதயம் என்று எழுதிய குப்பியில் ஈரலைப் போட்டு வைத்தேன். ஈரலில் அது எரியாது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை ஐயா, அலுப்பு. இதயத்திலும் எரிந்தால் என் ஊசி அங்கேயும் அணைத்துவிடும், வேறு மருந்துதான் தேட வேண்டும். முதலிலிருந்து தொடங்க உடம்பில் தெம்பில்லை. முடிவைப் பார்த்துவிட்டு அவளே மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

மருந்து வேலை செய்தது. குழந்தை கூடத்தின் நடுவில் நின்றாள்.

"சித்தப்பா, பாருங்க, நான் எதையும் பிடிக்கல."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அவள் மேல் எனக்கு உயிர். பிறகு ஒரு பிற்பகலில், செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. இதயத் தசை தளர்ந்து போயிருந்தது. நோய் முற்றிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன், நம்பினார். டாக்டரே வீட்டுக்குள் இருக்கும்போது வேறு யாரைப் போய்க் கேட்பார்.

ரேடியோதான் நம்பவில்லை. இன்னொரு எலியை அறுத்துப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. குப்பியை மாற்றியவன் நான், தெரிந்தே ஊசி போட்டவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைக் கவனமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்ணனின் இளைய மகனுக்கும் அதே நோய். அவனுக்கும் போடச் சொல்லி அண்ணன் கெஞ்சினார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கும் தெம்பில்லை. இன்று காலையில்தான் அவனுக்கு முதல் ஊசி போட்டேன். போடுவதற்கு முன் கையை முழங்கை வரை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டேன்.