அம்மா ஷூவில் கல்

அம்மா: கொஞ்சம் நில்லுங்க... ஷூவுக்குள்ள கல்லு.

அப்பா: மறுபடியுமா? போன திருப்பத்துலதானே உதறுன?

அம்மா: அது வேற கல்லு. இப்படி இந்த வேர் மேல உக்காருங்க, கழட்டிப் பாக்குறேன்.

அப்பா: நான் எதுக்கு உக்காரணும்? குத்துக்கல்லாட்டம்தானே இருக்கேன்.

அம்மா: பக்கத்துல ஆள் நின்னா என்னை அவசரப்படுத்துற மாதிரி இருக்கும். உக்காருங்க.

மகள்: என்ன, அங்கயே நின்னுட்டீங்க? அப்பாவுக்கு மூச்சு வாங்குதா?

அப்பா: எனக்கு இல்லம்மா. உங்கம்மாவுக்குத்தான் கல்லு.

மகள்: பேசுனது ஞாபகம் இருக்குல்ல? முடியலன்னு நீங்க ஒரு தடவ நின்னாலும்...

அப்பா: அங்கேர்ந்தே இறங்கிடணும். அப்புறம் கீழ பூங்காவச் சுத்தி வர்றதோட சரி. தெரியும், நர்சம்மா.

மகள்: கிண்டல் பண்ணாதீங்கப்பா. நெஞ்சுல தையல் போட்டு இன்னும் வருஷம் திரும்பல.

அம்மா: நின்னது நான்டி. அது கணக்குல வராது. நீ போய் அந்தக் குருவியப் படம் எடு.

மகள்: அது பறந்து எவ்ளோ நேரமாச்சு.

அம்மா: வேற வரும். போ.

அப்பா: ... போயிட்டாளா?

அம்மா: திருப்பம் தாண்டிட்டா. நல்லா மூச்ச விடுங்க.

அப்பா: கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. கீழேர்ந்து என் நெஞ்சையே பாத்துட்டு வர்றா. அவளத் தோள்ல தூக்கிட்டு இதே ஏத்தத்த ஒரே மூச்சுல ஏறுனவன் நான்.

அம்மா: ஒரே மூச்சா? பாதி வழியில என்கிட்ட குடுத்தீங்க.

அப்பா: அது... நீ கேட்ட, குடுத்தேன்.

அம்மா: சரி, நான்தான் கேட்டேன். தண்ணி குடிங்க... மெதுவா.

அப்பா: நனஞ்ச எல வாசன வருது பாரு. ஆஸ்பத்திரி ஜன்னல்ல ஒரே ஒரு மரம் தெரியும். அதுக்குப் பின்னாடி இந்த மலையும் உச்சியில நம்ம பாறையும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருப்பேன்.

அம்மா: தெரியும். தூக்கத்துல சொல்லியிருக்கீங்க.

அப்பா: இன்னிக்கு ஏறலன்னா பயம் வந்துடும். ஒருதரம் பயந்துட்டா அப்புறம் காலு எழும்பாது.

அம்மா: அதுக்குத்தானே வந்திருக்கோம். இந்தாங்க, கையப் புடிச்சுக்கங்க... அவ பாக்கல.

மகள்: அம்மா... இந்தத் திருப்பத்துல பெஞ்சு இருக்கு. உனக்குக் கல்லு கில்லு எதாச்சும்...?

அம்மா: இருக்கு, இருக்கு.

அப்பா: ஷூவா அது, கல் குவாரியா?

அம்மா: பேசாம உக்காருங்க.

மகள்: ... உச்சி வந்தாச்சு. அப்பா, நிமிந்து பாருங்க.

அப்பா: பாறை... ஏரி... எல்லாம் அப்படியே இருக்கு.

அம்மா: என்னங்க, அழறீங்களா?

அப்பா: இல்ல, காத்து. கண்ணுல அடிக்குது.

அம்மா: எனக்கும் அதே காத்துதான்.

மகள்: நிக்காமயே வந்துட்டீங்கப்பா. அடுத்த வருஷமும் வரலாம். போதுமா?

அப்பா: எல்லாம் உங்கம்மா கல்லு செஞ்ச புண்ணியம்.

அம்மா: மேல வந்தாச்சு, இனிமே மறச்சு என்ன? நெஜமா இருந்தது ரெண்டே கல்லு. மொத திருப்பத்துல வலது ஷூவுல ஒண்ணு. அடுத்ததுல இடதுல ஒண்ணு, நுனியில கெடந்துச்சு. ரெண்டு தரமும் நீங்க உக்காந்ததும் மொகம் தெளிஞ்சுச்சு. அப்புறம் நானே கல்லு வர வெச்சேன்.

அப்பா: ரெண்டா? ஒண்ணுதானே இருக்கணும்.

அம்மா: அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

அப்பா: கீழ ஷூ மாட்டறதுக்கு முன்னாடி நீ தண்ணி ரொப்பப் போனல்ல... வலதுல நான்தான் போட்டேன். மொத ஏத்தமே தாண்டுவேனான்னு பயமா இருந்துச்சு. நானா நிக்க முடியாதே.

அம்மா: அதுக்கு என் காலுதான் கெடச்சுதா? ... அப்போ இடதுல?

அப்பா: சத்தியமா நான் இல்ல.

அம்மா: ஏய்... நீ என்னடி சாப்பாட்டு டப்பாவையே மொறச்சுப் பாத்துட்டு இருக்க?

மகள்: ரூல் போட்டவளே நானாச்சேம்மா... நானே எப்படி அப்பாவ உக்காரச் சொல்றது?