மடியில் இருந்த பீஸ் கட்டை

பழைய டேப்லெட்டை யாரும் அவசரப்பட்டுத் தூக்கி எறிந்துவிடக் கூடாது, ஐயா. எங்கள் வீட்டில் இருப்பது கொரோனா சமயத்தில் மகள் கனிஷ்காவின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. ஒரு மூலையில் விரிசல், பேட்டரியும் நிற்காது. ஆனால் எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கும்படி சுவரில் மாட்டிவிட்டால் அதுவே வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை. நான் அப்படித்தான் செய்தேன். ஆசாரியிடம் தேக்கில் சட்டம் போட்டு வாங்கி, சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். வாசல் விளக்கு, ஹீட்டர், தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, கிணற்று மோட்டார், தென்னையில் கட்டிய கேமரா எல்லாம் ஒரே திரையில் வரும்.

எனக்கு இது புதிதல்ல. சங்ககிரியில் லாரி ஆபீசில் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. நாக்பூரில் நிற்கிற வண்டி என் சொல்லைக் கேட்கும். ஜேடர்பாளையத்தில் என் சொந்தத் தோட்டத்து வீட்டில் ஒரு பல்பு கேட்காது. காரணம் என் அப்பா. பெயர் சின்னண்ணன்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். நடக்கிற வழியில் கண்ணில் படுகிற சுவிட்சை எல்லாம் அணைத்துக்கொண்டே போவார். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் டேப்லெட் என்ன செய்யும், பாவம். வைஃபை பெட்டியை அணைப்பார். டேப்லெட்டின் சார்ஜரையே அணைப்பார். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கும். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சீட்டு எழுதி ஒட்டினேன். சீட்டைக் கிழித்து அதில் திருநீறு மடித்து வைத்துக்கொண்டார். நான் அதற்கும் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது, ஐயா. என் மனைவி பிரவீனாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

மோட்டார் விஷயம் இன்னும் மோசம். தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் மோட்டார் ரூமில் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். கிணற்றில் இறங்குவதானாலும் அப்படித்தான். கட்டை மடியில் இருந்தால் உலகத்தில் எவனாலும் மோட்டாரைப் போட முடியாது என்பது அவர் நம்பிக்கை. எங்கள் பக்கம் எல்லா விவசாயிக்கும் அதே நம்பிக்கைதான்.

பிரவீனாவின் அண்ணன் சரவணக்குமார் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார். எல்லோரையும் சுவர் முன்னால் நிறுத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்து மோட்டார் ஓடும் பாருங்கள் என்று தொட்டேன். ஓடவில்லை. மறுபடியும் தொட்டேன். அப்பா சாவகாசமாக மடியிலிருந்து பீஸ் கட்டையை எடுத்துக் காட்டினார்.

"உன்ற பொட்டிக்குச் சாவி என்ற மடியில கெடக்குது சாமி."

மச்சான் சிரித்தார். அம்மா சிரித்தாள். கனிஷ்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அப்பா பரமத்திக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பீஸ் கட்டைகளுக்கு முன்னாலேயே லைனைப் பிரித்து, டேப்லெட்டில் தொட்டால் கரண்டை விடுகிற என் ரிலே வழியாக மோட்டாருக்குத் தனி வயர் கொடுத்தேன். சுத்தமான வேலை. இனிமேல் கட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் சண்டை வரும். நல்ல சமயம் பார்த்துச் செய்து காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் குறைவாக வருகிறதென்று அப்பா சொன்னார். கிணற்றுக்குள் மோட்டாரில் பாசி அடைத்திருந்தது. கேபிளும் ஓரிடத்தில் தோல் உரிந்து கிடந்தது. அது எனக்கும் தெரியும். இரண்டையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். நான் டேப்லெட் முன்னால் நின்றேன். மோட்டார் ரூமிலிருந்து வெளியே வந்தார், மடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார், படியில் இறங்கினார். கேமராவில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. படம் கொஞ்சமும் விட்டு விட்டு வரவில்லை.

நான் நிற்பதைப் பார்த்து அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா கெணத்துல எறங்கீருக்குது சாமி. மோட்டாரப் போட்றாத."

"பீஸ் கட்டை அவரு மடியிலதானுங்கம்மா இருக்குது. ஒண்ணும் ஆவாது."

நான் சொன்னதில் பொய் இல்லை, கட்டை மடியில்தான் இருந்தது. அம்மாவும் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டிய நேரம் வரை காத்திருந்து தொட்டேன்.

தொட்டவுடன் பச்சை வந்தது. ஆம்பியரும் காட்டியது. குழாயில் தண்ணீர் விழுவதைக் கேட்டு, மேலே வந்து என்னிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் யாரும் வரவில்லை. பிறகு அணைத்தேன். அதுவும் உடனே அணைந்தது.

அவரை மேலே கொண்டுவந்தபோது கட்டைகள் மடியிலேயே இருந்தன. அம்மா அவற்றை எடுக்க யாரையும் விடவில்லை.

இதை உங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம், ஐயா. விபத்து என்று எழுதி முடிக்கத் தயாராக இருந்தீர்கள். என்னால்தான் பொறுக்க முடியவில்லை. கரண்ட் ஆபீசிலிருந்து வந்த வேலுமணி வயரைப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், இந்த மாதிரிப் பொட்டி தானாக ஆன் ஆகிக்கொள்ளும், வயரையும் தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். மச்சான் தலையாட்டினார். அம்மா கல்லை எடுத்துக்கொண்டு டேப்லெட்டை உடைக்கப் போனாள். பிரவீனாதான் தடுத்தாள். அதற்குள் யாரோ சார்ஜரை அணைத்துவிட்டார்கள்.

அது தானாக எதுவும் செய்யவில்லை. நான் மாட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தானாக ஆன் ஆனதில்லை. அப்பா தண்ணீரில் நிற்கிறார், கேபிள் உரிந்திருக்கிறது என்று தெரிந்தே நான் தொட்டேன், அது ஓடியது. உங்கள் தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோளாறு என்று மட்டும் எழுத வேண்டாம். அப்பா இருந்திருந்தால் இப்போது அவரே ஒத்துக்கொண்டிருப்பார்.