ஏரியில் கிடந்த எட்டாவது ஆள்

— அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்காதீங்க தம்பி. நாளைக்குக் காலையிலதான் திறப்பு. விழாக் கமிட்டிக்காரங்க பார்த்தா என்னையும் சேர்த்துத் திட்டுவாங்க.

— மன்னிச்சுக்கோங்கம்மா. நினைவுக் கல்லுல எத்தனை பேரு எழுதியிருக்குன்னு மட்டும் பார்க்க நினைச்சேன். நீங்க இந்த ஊரா?

— பொறந்ததுலேர்ந்து இந்த லிங்கன்ஷர் சேறுதான். பேரு ஹெஸ்டர் பிளேட்ஸ். ஏழு பேரு எழுதியிருக்கு. குண்டு போடுற ஒரு விமானத்துக்கு ஏழு பேருன்னு இங்க கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க இங்கிலாந்து ஆள் இல்லையே?

— ஹாலந்து. என் பேரு வீபெ டெர்ப்ஸ்ட்ரா. எங்க ஊர் ஏரியிலதான் அந்த விமானம் கிடந்துச்சு. போன கோடையில, சுத்தி இரும்புத் தடுப்பு அடிச்சு, தண்ணியை இறைச்சு வெளியில எடுத்தோம். அதான் விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க.

— அட, அந்த ஆளா நீங்க. உட்காருங்க. பிளம் ரொட்டி இருக்கு, வெண்ணெய் தடவித் தரேன். நாளைக்குப் பெரிய மனுசங்களுக்காகச் செஞ்சது. ஒரு துண்டு குறைஞ்சா அவங்க ஒண்ணும் இளைச்சுட மாட்டாங்க.

— ஒண்ணு கேட்கலாமா? ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு எழுபது வருஷம் ஆகப்போகுது. இந்தக் கல்லை வைக்க ஏன் இவ்வளவு நாள்?

— கூச்சம், தம்பி. எங்க விமானம் போட்ட குண்டுல ஜெர்மனியில பொண்ணுங்க, பிள்ளைங்கன்னு செத்திருக்காங்கல்ல? போகச் சொன்ன பெரியவங்களே, எல்லாம் முடிஞ்சதும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. போனதெல்லாம் இருபது வயசுப் பசங்க, பாதிப் பேர் திரும்பல. அவங்களைப் பத்திப் பேசவும் முடியல, பேசாம இருக்கவும் முடியல. இப்பதான் துணிச்சல் வந்துருக்கு.

— உங்க வீட்டுலயும் யாராவது பறந்தாங்களா?

— பறக்கல. எங்க அண்ணன் க்ளெம், இதே விமான மைதானத்துல மெக்கானிக். அவனுக்குக் கல்லுல இடம் கிடையாது. ஓடிப்போனவன்.

— ஓடிப்போனவரா?

— ஒரு நாள் காலையில வேலைக்கு வரல. ராணுவப் போலீஸ் வந்து எங்க கட்டிலைப் புரட்டிப் போட்டாங்க. பன்றிக் கொட்டகையில வைக்கோலைக் குத்திக் குத்திப் பார்த்தாங்க. அப்புறம் எங்கப்பா பப்புக்குப் போனா பக்கத்துல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. இந்தக் கமிட்டியையே பாருங்களேன், என்கிட்ட ரொட்டி கேட்டுச்சு. விழாவுக்கு வாங்கன்னு வாய் வார்த்தைக்குக்கூடச் சொல்லல.

— ஒண்ணு கேட்கலாமா? அவர் காணாமப் போனது எப்போ?

— இந்த ஏழு பேரும் திரும்பி வராத அன்னைக்கு. அவங்க விமானத்தைப் பார்த்துக்கிட்டதே அவன்தான். விமானம் என்னுது, ராத்திரிக்கு அவங்களுக்கு இரவல் குடுக்குறேன்னு பீத்திக்குவான். அது வரலன்னதும் மனசு ஒடிஞ்சு எங்கேயோ போயிட்டான்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

— அம்மா, நான் ஏன் துணியைத் தூக்கினேன்னு சொல்லட்டுமா? அந்த விமானத்துல எட்டுப் பேர் இருந்தாங்க.

— ஏழு.

— எட்டு. நானே என் கையால எடுத்தேன். ஏழு பேரு கால்ல பறக்குறவங்க போடுற கம்பளி வெச்ச பூட்ஸ். எட்டாவது ஆளுக்கு ஆணி அடிச்ச வேலை பூட்ஸ். பாராசூட் வார்கூட உடம்புல இல்ல. யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு ஆளே கிடையாதுங்குறாங்க. எங்க ஊர்ல அவருக்கு விருந்தாளின்னு பேர் வெச்சிருக்கோம். அவர் யாருன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது.

— திருட்டுத்தனமா ஏறியிருப்பான். சில மெக்கானிக் பசங்க அப்படி ஏறுவாங்க. மாட்டினா தண்டனை, அதனால யாரும் மூச்சு விட மாட்டாங்க. பனியில என்ஜினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்குறது நான், மேல போய்ப் பார்க்குறது மட்டும் அவங்களான்னு கேட்பான்.

— யாரு கேட்பாங்க?

— தம்பி, நீங்க எடுத்த ஆளுக்கு இடது கை சுண்டுவிரல் முழுசா இருந்துச்சா?

— பாதிதான் இருந்துச்சு. சின்ன வயசுல பட்ட வெட்டுன்னு எலும்பைப் பார்த்த டாக்டர் சொன்னார். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மாட்டுக்குக் கிழங்கு நறுக்குற மெஷின். அவனுக்கு அப்போ ஒன்பது வயசு.

— அப்போ அவர் உங்க அண்ணன்தான்மா. அவர் ஓடவே இல்ல. நான் இப்பவே கமிட்டிகிட்டப் போய்ப் பேசுறேன், எட்டாவது பேரையும் கல்லுல செதுக்கியே ஆகணும். நாளைக்கு நீங்க முன் வரிசையில உட்காரணும். இத்தனை வருஷ அவமானம் போயிடுச்சுல்ல? ஏம்மா அழறீங்க?

— ஓடிப்போன கோழைன்னு ஊர் அவனைத் திட்டுறப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, தம்பி. ஓடினவன் எங்கேயாவது உயிரோட இருப்பான்ல? கனடாவுல ஒரு பண்ணை, ஒரு பொண்டாட்டி, மூணு பிள்ளைங்கன்னு நானே அவனுக்கு ஒரு குடும்பம் கட்டி வெச்சிருந்தேன். பிள்ளைங்களுக்குப் பேருகூட வெச்சேன்.

— மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க வேண்டாம்னா நான் யார்கிட்டயும் பேசல.

— பேசுங்க. கல்லுல முழுப் பேரையும் செதுக்கச் சொல்லுங்க, க்ளெமென்ட் பிளேட்ஸ்னு. இனிமே ஊருக்கு அவன் எழுபது வருஷத்துக்கு முன்னாடி செத்தவன். எனக்கு இன்னைக்குத்தான் செத்திருக்கான்.